துடுப்பு நின்ற இடம்

மாயா நாகரிகக் கோயில்களின் படங்களைச் சுவரெல்லாம் ஒட்டி, குவாத்தமாலா குவாத்தமாலா என்று உயிரை விட்ட அண்ணன் பிரதீபனை நான்தான் கடைசியில் இங்கே கொண்டுவந்தேன். எரிமலைகளுக்கு நடுவே அதித்லான் ஏரியில் அவன் சாம்பலைக் கரைத்தேன். அம்மா போனில் இருந்தாள்.

“திரும்பிப் பாக்காம கரைக்கு வந்துடு. பாத்தா பின்னாடியே வந்துடுவான்.”

“வந்தா வரட்டுமேம்மா.”

“வாய மூடுடி, சிந்துஜா!”

நான் கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிரே படகோட்டி மதேயோ, கரைக்கு முதுகு காட்டித் துடுப்பு வலித்தார். எனக்குப் பின்னால் இருந்த தண்ணீர் முழுவதும் அவர் கண்ணுக்குத்தான் தெரிந்தது.

பாதி வழியில் நிறுத்தினார். என் தோளுக்கு மேலாகப் பார்த்தபடியே தொப்பியைக் கழற்றினார். நான் கழுத்தைத் திருப்பாமல் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“துடுப்புச் சத்தம் நின்னுடுச்சே” என்றாள் அம்மா. பிறகு, குரல் இறங்கி, “வரானாடி?”