லாட்ஜா, கூடாரமா?

"லாட்ஜுதான் அண்ணே சரி. கட்டில், மெத்தை, சுடுதண்ணி எல்லாம் இருக்கு. ஏரிக்கு வேன்ல பத்து நிமிஷம்" என்று கைப்பேசியை நீட்டினார் மருந்துக்கடைக்காரர்.

பள்ளி வேன் ஓட்டும் பெரியவர் அதைப் பார்க்கவில்லை. "கூடாரம்."

"கூடாரத்துல கொசு தூக்கிட்டுப் போயிடும் அண்ணே. உங்க உடம்புக்கு ரெண்டு கொசு தாராளம்" என்றார் பிளம்பர்.

பெரியவர் சிரிக்கவில்லை.

"அதே கூடாரம். போன தடவை நீங்க மூணு பேரும் படுத்திருந்தது."

அந்த மூவரில் மூன்றாமவன் பெரியவரின் தம்பி. இவர்கள் இருவரோடும் மீன் பிடிக்கப் போனவன், இருட்டில் தூண்டிலைப் பார்த்து வர எழுந்து போனான். விடிந்தபோது ஏரியில் மிதந்தான்.

அக்கம்பக்கம் இப்போது பெரியவரைத்தான் ஏசியது.

"தம்பியை முழுங்கின தண்ணியிலேயே தூண்டில் போடப் போறாராம். போதாததுக்கு அவன் பெண்டாட்டியையும் கூட்டிட்டுப் போறாராம். நெஞ்சா அது, கருங்கல்லா?"

நண்பர்கள் இருவரும் பக்குவமானவர்கள் என்று பெயரெடுத்தார்கள். அந்தப் பெண்ணின் மனம் புண்படக் கூடாது என்பதற்காகவே லாட்ஜைச் சொல்வதாக எல்லோரிடமும் சொன்னார்கள்.

அந்த இரவின் கதையை இருவரும் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் சொன்னால் மழை கொட்டும். பிளம்பர் சொன்னால் மழை இராது, காற்று அடிக்கும். ஒருவர் கதையில் இருவரும் அயர்ந்து தூங்கினார்கள். மற்றவர் கதையில் சீட்டு ஆடினார்கள். கடைசி வாக்கியம் மட்டும் எந்தக் கதையிலும் மாறியதில்லை: "எங்களுக்கு ஒண்ணுமே கேக்கல."

பெரியவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று லாட்ஜில் அறைகளையும் சொல்லிவைத்துவிட்டு, நால்வரும் வேனில் கிளம்பினார்கள்.

ஏரிக்கரையை அடைந்தபோது வெயில் தணிந்திருந்தது. வாடகைக் கூடாரங்கள் ஒரு தாழ்ந்த மண்மேட்டுக்கு இந்தப் பக்கம். தண்ணீர் அந்தப் பக்கம்.

தம்பி மனைவி வேனைவிட்டு இறங்கவில்லை. பெரியவர் கதவருகே போய் நின்றார்.

"வாம்மா. பார்க்கணும்னு நீதானே சொன்ன?"

"கால் வரமாட்டேங்குது மாமா." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "கண்ணை மூடினா அவர் கூப்பிடுற மாதிரியே கேக்குது. அவ்வளவு தூரத்துலேர்ந்து கூப்பிட்டா யாருக்கும் கேக்காதுன்னு தெரிஞ்சிட்டா, மனசை ஆத்திக்குவேன். கேட்டும் யாரும் வரலைன்னா... அதைத் தெரிஞ்சிக்கிட்டு என்னால உயிரோட இருக்க முடியாது மாமா."

"சரிம்மா."

"நீங்களே அந்தக் கூடாரத்துக்குள்ள படுத்துப் பாருங்க. இவங்கள்ல ஒருத்தர் தண்ணிகிட்ட நின்னு கூப்பிடட்டும். நீங்க என்ன சொன்னாலும் நம்புவேன். உங்களுக்குப் பொய் சொல்ல வராது."

பெரியவர் வேன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டார். "நீ இவளுக்குத் துணையா இரு" என்று மருந்துக்கடைக்காரரிடம் சொன்னார். பிளம்பரிடம் மேட்டைக் காட்டினார். "போ. தொண்டை கிழியக் கத்து."

"எதுக்கு அண்ணே இதெல்லாம்? போனவன் திரும்பியா வரப்போறான்?"

"இருக்கிறவ இருக்கணும்ல? போ."

பெரியவர் கூடாரத்துக்குள் போய்ப் படுத்தார். பிளம்பர் மேடேறி இறங்கினார். தண்ணீர் அசைவற்றுக் கிடந்தது. ஊரில் மொட்டைமாடித் தொட்டியருகே நின்று கீழே இருக்கும் ஆளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அவருடையது. வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

கத்தாமலே திரும்பிவிடலாம். கத்தினேன் என்று சொன்னால் முடிந்தது. ஆனாலும் அந்த இடம் அவரைச் சும்மா விடவில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில், தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்:

"கேட்டுச்சுடா. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம். மூணு தடவை கூப்பிட்டே. எங்க ரெண்டு பேருக்கும் எந்திரிக்கப் பயமா இருந்துச்சுடா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் திரும்பியபோது, பெரியவர் கூடாரத்துக்கு வெளியே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கத்தினியா?"

"க... கத்தினேன் அண்ணே."

"ம்."

வேன் கதவைத் திறந்தார். அவள் அவர் வாயையே பார்த்தாள்.

"ஒண்ணும் கேக்கலம்மா. நடுவுல மேடு மறைக்குது. ஆளு நின்னு கத்தியும் ஈ பறக்கிற சத்தம்கூட உள்ளே வரல. இவங்க மேல குத்தமில்ல."

அவள் பெருங்குரலெடுத்து அழுதாள். மாதக்கணக்காக அடைத்துக் கிடந்த அழுகை. அழுது ஓய்ந்ததும் சன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து, கேட்டது கிடைத்த குழந்தைபோல் தூங்கிப்போனாள்.

பிளம்பர் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது.

"அதான் முடிஞ்சிடுச்சே அண்ணே" என்றார் மருந்துக்கடைக்காரர். "வாங்க, எல்லாரும் லாட்ஜுக்கே போயிடலாம்."

"எனக்கும் அவளுக்கும் ஆளுக்கொரு ரூம் போதும்" என்றபடி பெரியவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். "நீங்க ரெண்டு பேரும் கூடாரத்துல படுங்க."

"நாங்க எதுக்கு அண்ணே இங்கே?"

பெரியவர் சாவியைத் திருகினார். தூங்குகிறவள் விழித்துவிடாதபடி, பிளம்பரின் காதருகே குனிந்து சொன்னார்:

"மூணு தடவை கூப்பிட்டான்னு சொன்னியே... நாலாவது தடவை கூப்பிட்டா, எந்திரிச்சுப் போங்க."