மூணு தட்டுக்குள்ளே

"யோசிச்சது போதும்ணே. தடுக்கறீங்களா, விடறீங்களா?"

அவள் குரலை அடக்கித்தான் கேட்டாள். தொட்டிலில் பிள்ளை தூங்குகிறது. அது கண் விழித்தால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அத்தோடு சரி.

பக்கத்து வீட்டு வேன் டிரைவர் சீட்டை மேலே பார்த்தார், கீழே பார்த்தார், காதைச் சொறிந்தார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். அப்புறம்தான், "விட்டேன்" என்றார்.

அடுத்த நொடியே அவள் புருஷன் கணீரென்று சொன்னான். "தடுக்கிறேன்."

அவர்கள் ஆடியது ரத்தக்காட்டேரிச் சீட்டாட்டம். ஒருத்தர் தன் காட்டேரியை ஏவிவிட்டால், அவருக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவரில் தொடங்கி வரிசையாக ஒவ்வொருத்தரும் தடுக்கிறேன் என்றோ விட்டேன் என்றோ சொல்ல வேண்டும். முன்னால் இருப்பவர் சொல்லி முடிக்காமல் அடுத்தவருக்கு முறை வராது. ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொல்லவும் கூடாது. பெட்டியில் வந்த விதித்தாளை அவள் தம்பி வாசித்துக் காட்டக் காட்ட, அவள் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். அதனால் வீட்டில் அவளுக்கு 'வக்கீலம்மா' என்று பேர்.

அவள் புருஷனுக்குப் பேச்சு திக்கும். வேலை பார்க்கும் டயர் கடையில் ஊமைக்கோட்டான் என்பார்கள். வீட்டில் அவன் பாதி சொல்வதற்குள் மீதியை அவளே சொல்லி முடித்துவிடுவாள். இந்த மேசையில் மட்டும் அவனுக்குத் திக்குவதே இல்லை. சீட்டு ராசி என்று அவள் நினைத்துக்கொள்வாள். வாரம் முழுக்க அவன் ஞாயிற்றுக்கிழமைக்காகவே காத்திருப்பான்.

அவளுக்கு எரிச்சல் எல்லாம் டிரைவர் மேல்தான். எந்த நாற்காலி காலியாக இருந்தாலும் அவள் புருஷனுக்கு முந்தின இடத்தில்தான் வந்து உட்காருவார். முறை வந்தால் இழுத்துக்கொண்டே இருப்பார். தானே காட்டேரியை ஏவினாலும், யார் மேல் என்று சொல்ல ஒரு யுகம். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சீட்டைக் கண்டுபிடிக்கத்தான் இந்த நாடகம் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

"வண்டியிலயும் இப்படித்தான் பிரேக்கை யோசிச்சு யோசிச்சு மிதிப்பீங்களாண்ணே?" என்று அவள் தம்பி கேட்டான். டிரைவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் அவளைக் கிளப்பிவிட்டது. எழுந்து போய் ஒரு கரண்டி கொண்டுவந்தாள்.

"இனிமே நான் மேசையைத் தட்டுவேன். அவங்கவங்க முறை வந்தா மூணு தட்டுக்குள்ளே சொல்லணும். சொல்லலேன்னா விட்டதா அர்த்தம். திருட்டு முழி முழிக்கிறதுக்கெல்லாம் இங்கே இடம் கிடையாது."

டிரைவர் முகம் சுண்டிப்போனது. இந்த ஒரு ஆட்டம் பழையபடியே போகட்டுமே தங்கச்சி என்று கெஞ்சிப் பார்த்தார். அவள் மசியவில்லை. மடியில் கனம் இருப்பவருக்குத்தானே பயம் என்று வேறு சொன்னாள். புருஷன் கையிலிருந்த சீட்டுகளை அடுக்கி அடுக்கிக் கலைத்தான்.

ஆட்டம் சூடு பிடித்தது. புருஷன் பக்கம் ஒரு துளி ரத்தம்தான் பாக்கி; அதுவும் போனால் அவன் தோற்றுவிடுவான். அவள் தன் பெரிய காட்டேரியை அவன் மேலேயே ஏவினாள். தடுக்கத் தோதான சீட்டு அவனிடம் இருப்பது அவளுக்கும் தெரியும்.

டக். டக்.

"விட்டேன்" என்றார் டிரைவர், வேறு வழியில்லாமல்.

கரண்டி இப்போது புருஷன் பக்கம் திரும்பியது.

டக்.

அவன் வாயைத் திறந்தான். "த்..."

டக்.

"த்... த்..." கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். மற்ற நேரமாக இருந்தால் அவளே சொல்லிவிட்டிருப்பாள். இங்கே விதி இருக்கிறது. அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க அவளுக்குத் தெரியவில்லை. கை பழக்கத்தில் இறங்கிவிட்டது.

டக்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். புருஷன் சிரிப்பது மாதிரி ஏதோ செய்தான். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். முன்பு ஒரு விருந்தில் இப்படித்தான் பாதியில் எழுந்து வந்தான். அந்த வீட்டு வாசலை அப்புறம் மிதிக்கவே இல்லை.

"உக்காருப்பா. உன் முறையே இன்னும் வரலை" என்றார் டிரைவர்.

"நீங்க விட்டேன்னு சொல்லிட்டீங்களேண்ணே" என்றான் தம்பி.

"யார் சொன்னா? நான் இன்னும் யோசிச்சுட்டு இருக்கேன். திருட்டு ஆட்டக்காரன்னுதான் பேர் வாங்கியாச்சே. வக்கீலம்மா சொல்லட்டும்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கரண்டியை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

"ஆமா. அண்ணன் இன்னும் சொல்லலை."

புருஷன் மெதுவாக உட்கார்ந்தான்.

டிரைவர் சீட்டை மேலே பார்த்தார், கீழே பார்த்தார், காதைச் சொறிந்தார். தண்ணீரை எடுத்தார். டம்ளர் விளிம்புக்கு மேலே அவர் கண் எங்கே போகிறது என்று அவள் அன்றுதான் பார்த்தாள். சீட்டில் இல்லை. யார் முகத்திலும் இல்லை. அவள் புருஷனுடைய உதட்டில் இருந்தது.

அந்த உதடு நடுங்கியது, கூடியது, ஒரு மூச்சை இழுத்து நின்றது.

"விட்டேன்" என்றார் டிரைவர்.

"தடுக்கிறேன்" என்றான் அவன், கணீரென்று.

அவள் தலையைத் தூக்கவில்லை. தொட்டிலில் பிள்ளை வீறிட்டது. ஆட்டம் முடிந்துபோயிற்றே என்று தம்பி அலுத்துக்கொண்டான். அவளுக்கோ எழுந்து போக ஒரு சாக்குக் கிடைத்தது.