கதவைச் சாத்தியவன்

வாசற்கதவைத் தட்டும் ஓசை கேட்டதும் பெரிய மகன் காதுகளைப் பொத்திக்கொண்டான். அப்பா எழுந்து போய்த் திறந்தார். போட்டோகிராபர் நின்றிருந்தார்.

“அரை மணி கழிச்சு வாங்க. தட்டாதீங்க, கதவு திறந்தே இருக்கும்.”

அவரை அனுப்பிவிட்டு வந்து மறுபடி ஊசியை எடுத்தார். மகனுடைய வெள்ளைச் சட்டையின் கையில் புதிய பதவிச் சின்னத்தைத் தாமே தைத்துக்கொண்டிருந்தார். கடற்படையில் இருபது வருடம் மாடாய் உழைத்தும் அவருக்கு அது எட்டவில்லை. மகன் முப்பது வயதிலேயே வாங்கிவிட்டான்.

சும்மாவா வாங்கினான்? இயந்திர அறையில் கடல் புகுந்த அன்று, அதன் இரும்புக் கதவைச் சாத்திக் கப்பலையே காப்பாற்றியவன். உள்ளே இருப்பது கூடப் பிறந்த தம்பி என்று தெரிந்தும் திறக்காதவன். மற்றவர்கள் ஓடி வந்தபோது, சாத்திய கதவின் முன்னால் அவன் ஒருவன்தான் நின்றிருந்தான். விசாரணையில் அவன் வாயே திறக்கவில்லை. தம்பியை இழந்த துக்கம் என்று அதிகாரிகள் விட்டுவிட்டார்கள்.

“தம்பி தட்டின சத்தம் இன்னும் காதுல நிக்குது, இல்லையா? அதுக்காகத் தலை குனியாதேடா. நீ செஞ்சது கடமை.”

மகன் கை நீட்டிச் சட்டையை வாங்கிக்கொண்டான். அந்தக் கையில் விரல் முட்டிகள் நான்கும் கன்றித் தழும்பேறியிருந்தன.

“ரெண்டு மாசமாச்சு, தழும்பு இன்னும் மறையலையே. கைப்பிடி அவ்வளவு இறுக்கமா?”

அதற்குள் அம்மா சின்னவன் படத்தைத் துடைத்துக் கூடத்துக்கு எடுத்துவந்தாள்.

“அது உள்ளேயே இருக்கட்டும்” என்றார் அப்பா. “பதவி உயர்வுப் பரீட்சையில மூணு தடவை கோட்டை விட்டான். கடைசியில ஏணி ஏறி வெளிய வரவும் துப்பில்லை. நாலு பேர் வர்ற இடத்துல பெரியவன் படம் மட்டும் தொங்கினா போதும்.”

“அவனும் நான் பெத்த பிள்ளைதாங்க.”

பெரியவன் அம்மாவிடமிருந்து படத்தை வாங்கினான். கூடத்து ஆணியில் தானே மாட்டினான். பிறகு சட்டையை அப்பாவின் மடியில் வைத்தான்.

“சின்னத்தைப் பிரிச்சிடுங்கப்பா.”

“பைத்தியமாடா உனக்கு?”

“நீங்களும் கப்பல்ல இருந்தவர்தானே? கைப்பிடியை இறுக்கினா உள்ளங்கைதானே புண்ணாகும்?”

அப்பாவின் பார்வை அந்த முட்டிகளில் போய் நின்றது. ஊசி விரலில் ஏறியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

“அன்னிக்கு நானும் உள்ளேதான் இருந்தேன். பயந்துபோய் ஏறி ஓடி வந்துட்டேன். தம்பிதான் உள்ளேயிருந்து சாத்தி, கைப்பிடியை விடாம பிடிச்சுக்கிட்டான். அவன் ஒரு தடவைகூடத் தட்டலைப்பா.”

கையை மெல்ல மூடிக்கொண்டான்.

“தட்டினது நான்.”