நாற்பத்தொன்றாவது தப்பு

"நாப்பத்தொண்ணாவது தப்பும் கெடைச்சாச்சு!"

சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருந்த பெரிய மருமகள் மூச்சிரைக்கச் சொன்னாள். அவள் கையில் ஓரகத்தியின் ஸ்மார்ட்வாட்ச்.

சின்னவள் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள். "இன்னுமாக்கா இருக்கு?"

"இருக்கே, நான் என்ன பண்ண?"

பெரியவளுக்கு ஒரு கம்பெனியில் ஆப்களைச் சோதித்துத் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. சின்னவளுக்கு வாட்ச்சுக்கு ஆப் எழுதுகிற வேலை, அதுவும் வீட்டிலிருந்தபடியே. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க சின்னவ சொந்தமா ஆப் போடறா" என்பார் மாமியார். பெரியவளைப் பற்றிக் கேட்டால், "அவளும் கம்ப்யூட்டர்தான்" என்று முடித்துக்கொள்வார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கல்யாணமாகி வந்த எட்டு மாதத்தில் சின்னவள் ஸ்கூட்டரைத் தொட்டதில்லை. துணி காயப்போட மாடிக்குத் தனியாகப் போனதில்லை. அவள் அடுப்படியில் நின்றால் மாமியாரும் கூடவே நிற்பார். குளித்து வர ஐந்து நிமிடம் கூடிவிட்டால், "என்னம்மா, ஆச்சா?" என்று கதவைத் தட்டி உருகுவார். ஆறு வருடமாக அந்த வீட்டில் மாடாக உழைத்த பெரியவளுக்கு வயிறு எரிந்தது. அவள் காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஒருவரும் அப்படிக் கதவைத் தட்டவில்லை.

அப்படிப்பட்ட சின்னவள் போன வாரம் தானாக வந்து வாட்ச்சை நீட்டினாள். "அக்கா, வெள்ளிக்கிழமை ரிலீஸ். நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன்."

பெரியவளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

ஆப் இதுதான். கட்டியிருப்பவர் விழுந்தால் வாட்ச் அதிர்ந்து, 'நலமா?' என்று கேட்கும். இருபது நொடிக்குள் தொடாவிட்டால் வீட்டிலுள்ளவர்களுக்குச் செய்தி போகும்.

பெரியவள் தினமும் மெத்தைமேல் தொப்புத் தொப்பென்று விழுந்தாள். கை ஈரமாக இருந்தால் பட்டன் வேலை செய்யவில்லை. போன் அடுத்த அறையில் இருந்தால் செய்தி போகவில்லை. சார்ஜ் குறைந்தால் ஆப் தூங்கிவிட்டது. ஒவ்வொன்றையும் சின்னவளிடம் மட்டும் சொல்லாமல், எல்லாரும் பார்க்கட்டும் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள்.

சின்னவள் முகம் சுளிக்கவில்லை. காலையில் சொன்னதைச் சாயங்காலத்துக்குள் சரிசெய்து மறுபடி கொண்டுவந்து நீட்டினாள். நாற்பதும் சரியாகிவிட்டது. விடிந்தால் ரிலீஸ். இவளை ஜெயிக்க விடுவதா?

"இப்ப பாரு" என்று எழுந்தாள் பெரியவள். சுவரைப் பிடித்துக்கொண்டு கால் மடங்க மெதுவாகச் சரிந்தாள். வாட்ச் வாயே திறக்கவில்லை.

"தொப்புனு விழுந்தாத்தான் உன் வாட்ச்சுக்குப் புரியுது. மெல்ல சரிஞ்சா, ஏதோ உக்காந்துட்டாங்கன்னு நெனச்சுக்குது. ரிலீஸைத் தள்ளிப் போடு தாயி."

சின்னவளின் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து மாமியாரின் அறைக்குள் போனாள். உள்ளே ஏதோ கிசுகிசுப்பு. கோள் சொல்லி அழுகிறாள் என்று பெரியவள் காதைத் தீட்டிக்கொண்டாள். மனசு குளுகுளுவென்று இருந்தது.

கண்ணைத் துடைத்தபடி திரும்பி வந்த சின்னவள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எங்க ஆபீஸ்ல பன்னெண்டு பேர் பாத்தாங்கக்கா. எல்லாரும் பிரமாதம்னுட்டாங்க. அவங்களுக்கு என்னைப் பிடிக்கும், தப்பு கண்ணுல படாது. அதான் உங்ககிட்ட குடுத்தேன்."

பெரியவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "அதுக்கு ஏன் அழறே? ஒரு வாரம் தள்ளிப் போனா என்ன, குடியா முழுகிடும்?"

"இதை நான் எனக்காகத்தான் எழுதினேன்க்கா. எனக்கு வலிப்பு வரும். நீங்க ஆபீஸ் போயிருந்தப்ப ரெண்டு தடவை வந்துச்சு. அத்தைக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்."

பெரியவளின் பிடி தானாக இறுகியது.

"வரும்போது எனக்கு நினைவே இருக்காது. எப்படி விழுவேன்னு இப்பதான் அத்தைகிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்றாள் சின்னவள். "தொப்புனு விழமாட்டேனாம்க்கா. சுவரைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா சரிவேனாம்."