மாத்திரை கரையும்வரை

தேவகனி கண்ணாடி டம்ளரில் ஃபிரிட்ஜ் தண்ணீரை ஊற்றி, வைட்டமின் சி மாத்திரையை அதில் போட்டாள்.

மாத்திரை அடியில் போய் உட்கார்ந்து புஸ்ஸென்று நுரைத்தது.

மட்டி வாழைப்பழச் சீப்பில் சாய்த்து வைத்திருந்த கைபேசியில் மருமகள் ஜெபகுமாரி தெரிந்தாள். குவைத்தில் நர்ஸ். சீருடை போட்டு, விடுதி வாசலில் ஆஸ்பத்திரி வேனுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியளா மாமி?"

"பின்ன, சாப்பிடாம? இட்லியும் தின்னு பழமும் தின்னாச்சு மக்ளே."

சாட்சிக்கு ஒரு தட்டும் வைத்திருந்தாள். கைபேசிக்கு நன்றாகத் தெரியும்படி, பழத்தோலோடு.

சொன்னது பச்சைப் பொய். எழுந்ததிலிருந்து அவள் வாயில் ஒன்றும் படவில்லை. தட்டில் கிடந்த தோல் நேற்றிரவு தின்ற பழத்தினுடையது.

தேவகனியின் வயிறு ஊரறிந்த வயிறு. கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் இன்னொரு கை ரசம் கேட்கும்போது இவள் மோர் எங்கே வருகிறது என்று பார்ப்பாள். மீன் குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் அன்று முழுவதும் நெஞ்சைத் தடவிக்கொண்டே திரிவாள். அந்த வயிற்றில், காலையில் வெறுமனே, இந்தப் புளிப்பு.

மத்தியானம் சோறு போய் விழும்வரை எரியும்.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவளை உருக்கிவிட்டிருந்தது. ஜெபகுமாரிதான் லீவில் வந்த ஒரு வடசேரிக்காரர் கையில் இந்த மாத்திரைக் குழாய்களைக் கொடுத்தனுப்பினாள். மாமியின் வயிறு அவளுக்கும் தெரிந்ததுதான். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகே குடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

ஆனால் தேவகனி ஒரு காரியத்துக்காகக் காலைச் சாப்பாட்டை விட்டிருந்தாள். உபவாசம். கோயிலில் முழங்காலிட்டு வேண்டிச் செய்த பொருத்தனை. அது என்ன காரியம் என்பது ஆண்டவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். போதகரிடம்கூடச் சொல்லவில்லை. மருந்து சாப்பாட்டில் சேராது என்ற தீர்ப்பையும் அவளே சொல்லிக்கொண்டாள்.

ஆண்டவர் ஒத்துக்கொண்டிருப்பார். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை.

எரிகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜெபகுமாரி மாத்திரையை நிறுத்திவிடுவாள். மாத்திரை நின்றுபோனால் தினமும் காலையில் கூப்பிட அவளுக்கு என்ன காரணம் இருக்கும்? தேவகனிக்கு அந்தப் பயம்தான் பெரிது. எரிச்சலை எப்படியாவது பொறுத்துக்கொள்ளலாம்.

மாத்திரை கரையும்வரை பேச்சு. குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டியதும் ஜெபகுமாரி போனை வைத்துவிடுவாள். வெந்நீரில் சட்டென்று கரைந்துவிடுகிறது, ஃபிரிட்ஜ் தண்ணீரில் ஆற அமரக் கரைகிறது என்பதைத் தேவகனி முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

மற்ற நாட்களில் இந்நேரம் பக்கத்து வீட்டுக் கோழி, பாடகர் குழுவில் நடந்த சண்டை, பூதப்பாண்டிப் பக்கம் பெய்த மழை என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். இன்று ஜெபகுமாரி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, அந்த எபிசன் வீட்ல கல்யாணத்த மே மாசம் வச்சிரலாமான்னு கேக்காங்க. நான் உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லுகேன்னு சொல்லிட்டேன்."

எபிசன் அதே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன். அவன் பெயர் ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை பேச்சில் வந்து போயிருந்தது.

தேவகனி சுவரைப் பார்த்தாள். ஸ்டெனி சிரித்துக்கொண்டிருந்தான். அவளுடைய ஒரே மகன், ஜெபகுமாரியின் கணவன். படத்தின் கீழே அவன் பிறந்த தேதியும் இறந்த தேதியும் பொன்னிற எழுத்தில் இருந்தன.

டம்ளரில் மாத்திரை பாதிதான் கரைந்திருந்தது.

"நல்ல காரியம் மக்ளே. எங்கிட்ட கேக்கதுக்கு என்ன இருக்கு? வைக்கச் சொல்லு."

குரல் நன்றாகத்தான் வந்தது. முகத்தை அவள் நம்பவில்லை. டம்ளரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக் குடித்தாள். கரையாத துண்டு நாக்கில் ஒட்டிக்கொண்டு நுரைத்தது. அழுகை வந்தது. டம்ளரை இறக்க அவள் அவசரப்படவில்லை.

அந்தக் காரியம் இதுதான்.

ஸ்டெனி போன பிறகு தனியாகிவிட்ட இந்தப் பெண்ணுக்கு ஒரு துணை அமைய வேண்டும், அதுவரை காலையில் சாப்பிடுவதில்லை. அமைந்துவிட்டால் இந்த முகம் தினமும் தன் சமையலறைக்கு வராது என்பது தேவகனிக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

இறக்கிய டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு மேசையில் விழுந்தது.

வேன் வந்துவிட்டது. ஜெபகுமாரி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வழக்கம்போலப் போனை வைக்கவில்லை.

"அப்போ உங்க உபவாசம் முடிஞ்சுல்லா மாமி. இனி நேத்தைக்குள்ள பழத்தொலிய எடுத்துத் தட்டுல வைக்காண்டாம். நாளைக்குக் கூப்பிடும்போ தொலி மஞ்சளா இருக்கணும், நான் பாப்பேன்."

பிறகுதான் போனை வைத்தாள்.

தேவகனி தட்டைப் பார்த்தாள். தோல் கறுத்து, சுருங்கி, ஓரத்தில் ஒரு எறும்போடு கிடந்தது. இத்தனை மாதமும் ஜெபகுமாரி தினமும் அந்தப் பக்கத்திலிருந்து இதைத்தான் பார்த்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாத காரியத்தையும் ஊகித்திருக்கிறாள்.

வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. வயிறு எரிய ஆரம்பித்திருந்தது.

சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து உரித்தாள். அடுப்படியில் நின்றபடியே மெதுவாகத் தின்றாள். தோலைப் பழக்கதோஷத்தில் தட்டில் வைத்தாள், கைபேசியைப் பார்த்தபடி.

நல்ல மஞ்சள். நாளைக் காலைக்குள் இதுவும் கறுத்துவிடும்.

எடுத்து வெளியே எறிந்துவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.