புலி அடித்த முயல்

ஆபீசில் அவருக்குப் ‘புலி’ என்று பெயர். வைத்தவர் அவரே.

ஓய்வு பெற்றபோது நாற்காலி, மேஜை, சாவிக்கொத்து எல்லாவற்றையும் ஒப்படைத்தவர், பட்டத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மகள் விரும்பிய பையனின் அப்பா ராணுவத்தில் மேஜராக இருந்தவர். “பயந்தாங்கொள்ளி வீட்டுல நாங்க சம்பந்தம் வெச்சுக்கறதில்ல” என்று அவர் போனில் உறும, இவர் பதிலுக்கு, “ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க சார். என் கையால சுட்ட காட்டு முயல் போடறேன்!” என்று சொல்லித் தொலைத்துவிட்டார். மேஜர் தலையை ஆட்டினால்தான் மகளுக்குக் கல்யாணம்.

ஞாயிறு காலை, பரணில் கிடந்த ஏர்கன்னைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிய புலி, தோலுரித்த முழு முயல் ஒன்றோடு திரும்பியது. போட்டிருந்த சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது.

மனைவி முயலைக் கழுவி, துணியால் ஈரம் ஒற்றி, பலகையில் மல்லாத்திப் போட்டாள். இப்படியும் அப்படியும் புரட்டினாள்.

“ஏங்க, குண்டு பட்ட இடம் எங்கே?”

“சத்தத்துலயே செத்துடுச்சு. என் குறி அப்படி.”

“காட்டுல ஓடற முயல்னா கறி கருஞ்சிவப்பா, ஒட்டி உலர்ந்து கிடக்கும். இது ரோஜாப்பூ மாதிரி இருக்கு. உள்ளே கொழுப்பு வேற கட்டி கட்டியா. வேளாவேளைக்குத் தின்னுட்டுப் படுத்துக் கிடந்த உடம்புங்க இது. கல்யாணமான நாள்லேருந்து அப்படி ஒண்ணைப் பக்கத்துலயே பாக்கறேன், எனக்குத் தெரியாதா?”

“நான் சுட்டேன்னா சுட்டதுதான்!”

“அதானே, நீங்க பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணு காலாச்சே. நல்லவேளை, இதுக்கு நாலும் இருக்கு. எண்ணிட்டேன்.”

ஆனாலும் மகள் கல்யாணமாயிற்றே. புருஷன் புளுகினால் பெண்டாட்டிதான் மசாலா போட வேண்டும். மிளகு, பூண்டு, இஞ்சி, உப்பு எல்லாவற்றையும் எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்தாள். தொடையிலும் முதுகிலும் ஆழக் கீறி, வயிற்றுக்குள்ளும் இடுக்குகளிலும் விழுதைத் தேய்த்து ஊறவைத்தாள். வெளுத்த கறி காட்டிக்கொடுத்துவிடாமல் இருக்க, மேலே இன்னொரு கை மிளகுத்தூள். கால்களை நூலால் கட்டி, வெண்ணெய் பூசி, ஓவனுக்குள் தள்ளினாள். வற்றிவிடாமல் அடிக்கடி திறந்து, தட்டில் வடிந்த சாற்றை அள்ளி அள்ளி மேலே ஊற்றினாள். வெளியே எடுத்தபோது அதைப் பெற்ற தாய்க்கே அது காட்டு முயலாகத்தான் தெரிந்திருக்கும்.

முதலில் மீசை வந்தது. பின்னாலேயே மேஜர் வந்தார்.

முள்கரண்டியால் தொடையைக் குத்திப் பார்த்தார். “மெத்துனு இருக்கே சார்? காட்டு முயல்னா நம்ம பல்லோட சண்டைக்கு வருமே?”

புலிக்கு நெற்றி வியர்த்தது. அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

காக்கிச் சட்டை, தொப்பி, கையில் பிரம்பு. “வனத்துறை. இங்கே வேட்டையாடின முயலைச் சமைக்கறதா தகவல். உண்மைன்னா ஜெயில்தான்.”

மனைவி புருஷனைச் சமையலறைப் பக்கம் இழுத்தாள். “கடையில வாங்கினேன்னு சொல்லித் தொலைங்க! கம்பி எண்ணப் போறீங்களா?”

“சொன்னா மேஜர் எழுந்து போயிடுவார்டி.”

அடுத்த கணம் கூடத்தின் நடுவில் போய் நின்று, இரண்டு கைகளையும் நீட்டினார். “சுட்டது நான்தான். விலங்கு மாட்டுங்க!”

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. “ஐயா, நம்பாதீங்க! இவர் கரப்பான் பூச்சியைப் பாத்தாலே கட்டில் மேல ஏறி நிக்கறவரு. இது வளர்ப்பு முயல்ங்க!”

அதிகாரி குனிந்தார். தொடையை அழுத்தினார். முகர்ந்தார். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றார்.

“அம்மா, பொழுது விடிஞ்சா நான் முழிக்கறதே முயல் மூஞ்சியிலதான். எனக்கா முயலைப் பத்திச் சொல்றீங்க? இது அசல் காட்டு முயல்.”

அவளுக்குத் தன் கண்மீதே சந்தேகம் வந்துவிட்டது.

மேஜர் எழுந்தார். மீசை துடித்தது. அதுவரை ‘சார்’ போட்டுக்கொண்டிருந்தவர், “சம்பந்தி!” என்று பாய்ந்து கட்டிக்கொண்டார். “வீரன்யா நீர்! பசங்க கல்யாணத்தை அடுத்த மாசமே வெச்சுக்கலாம்.”

கதவிடுக்கில் நின்ற மகள் குதித்த குதியில் அலமாரிப் பாத்திரங்கள் ஆடின.

மேஜர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். “கேஸ் போடத் தடயம் வேணுமில்ல? தடயத்தையே தின்னுட்டா என்ன பண்ணுவீங்க? உக்காருங்க, ஆளுக்கொரு கால்!”

சட்டம் சற்றுத் தயங்கியது. பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தது. கடைசி எலும்பும் தட்டில் விழுந்ததும் நீளமாக ஒரு ஏப்பம் விட்டு, “தடயம் இல்லாததால எச்சரிக்கையோட விடறேன்” என்று தீர்ப்பும் சொல்லியது.

அதிகாரியை வழியனுப்பத் தெருமுனை வரைக்கும் புலியே நடந்து போனார்.

அங்கே, கம்பிக் கூண்டுகள் அடுக்கிய மினி வேனில் ஏறிக் காக்கிச் சட்டையைக் கழற்றிச் சுருட்டிய ‘அதிகாரி’, தலையை வெளியே நீட்டி, “கல்யாண விருந்துக்கும் முயல்தான்னா முன்னாடியே சொல்லிடுங்க சார், நம்ம பண்ணையில இப்போ இருக்கறதெல்லாம் குட்டிங்க” என்றார்.