இடைவேளைப் பதினைந்து நிமிடம்

கோல் விழுந்தது.

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்தால் மென்பொருள் தவறாக எழுதிவிடும்.

கால்பந்து ஆட்டம் இங்கிலாந்தில். ஒளிபரப்பு அமெரிக்காவில். அவள் இருப்பது கோவை கணபதியில், ஒரு வாடகை வீட்டின் உள்ளறையில். வர்ணனையாளர் சொல்வதைக் காதில் வாங்கி, அதே ஆங்கிலத்தை, அதே வேகத்தில், ஏற்ற இறக்கமில்லாமல் மைக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும். அது எழுத்தாகி, காது கேளாத அமெரிக்கர்களின் டிவியில் திரைக்கு அடியில் ஓடும். கமாவையும் முற்றுப்புள்ளியையும்கூட வாயால்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு வாரத்துக்கு ஓர் ஆட்டம். இப்போது அங்கே நிறையப் பேருக்கு இந்தப் பந்து பிடித்துவிட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாலையானால் அறைக்கதவு சாத்தியிருக்கும்.

கதவுக்கு வெளியே அப்பா.

முப்பத்தொரு வருடம் நூற்பாலை இரைச்சலில் நின்றவர். இரண்டு காதும் போய்விட்டன. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தாள். வீடெல்லாம் மில் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார்.

ஒருமுறை, ஆட்டத்தின் நடுவே, "அம்மிணி" என்று கூப்பிட்டார். மென்பொருள் அதையும் கேட்டு, யாரோ ஓர் ஆட்டக்காரரின் பெயர்போல எழுதிவிட்டது. கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. அன்று அவள் அப்பாவைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடுவதில்லை.

முதல் பாதி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது போன் ஒளிர்ந்தது. மயில்சாமி மாமாவின் மகன் அனுப்பியிருந்தான்.

அப்பா தவறிட்டாங்க. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவங்க எந்திரிக்கலை. காலைல எடுக்கிறோம்.

மயில்சாமி மாமா அப்பாவோடு ஒரே ஷிப்டில் நின்றவர். அவருக்கும் காது கேட்காது. செவ்வாய்க்கிழமைதோறும் பஸ் ஏறி வருவார். இருவரும் கத்திக் கத்திப் பேசுவார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காது. சிரித்துக்கொள்வார்கள். அப்பாவைத் தேடி வருகிற ஆள் வேறு யாருமில்லை.

அவள் பேச்சை நிறுத்தவில்லை. கார்னர் கிக் என்றாள். கமா என்றாள். கோல்கீப்பர் பிடித்துவிட்டார் என்றாள்.

விசில் ஒலித்தது. இடைவேளையில் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேசுவார்கள். அதை வேறொருத்தி பார்த்துக்கொள்வாள். இவளுக்குப் பதினைந்து நிமிடம்.

கதவைத் திறந்தாள்.

அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் பேப்பர். காலையிலேயே படித்து முடித்தது.

அவர் காதருகே குனிந்தாள்.

"மயில்சாமி மாமா போயிட்டாருங்ப்பா."

இன்னும் சத்தமாக, இன்னொரு முறை சொன்னாள்.

"எங்க போயிட்டான்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

இறந்துவிட்டார் என்று கத்த வேண்டும். மாடி வீட்டுக்குக் கேட்கும். கேட்டால் கேட்கட்டும். அந்தச் சொல்லைக் கத்தத்தான் வாய் வரவில்லை.

உள்ளே போய் லேப்டாப்பை எடுத்து வந்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். தரையில் உட்கார்ந்து தமிழில் அடித்தாள்.

மயில்சாமி மாமா இன்னைக்கு மத்தியானம் இறந்துட்டாருங்ப்பா. தூக்கத்துலயே. கஷ்டப்படலை. காலைல நாம ரெண்டு பேரும் போலாம்.

திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு சொல்லின் கீழும் விரல் வைத்துப் படித்தார். முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை.

அவள் அவர் முழங்காலில் கை வைத்தபடி இருந்தாள். ஐந்து நிமிடம் போனது. ஆறு.

துண்டை இறக்கினார். திரையைப் பார்த்தார்.

"எழுதுனா நல்லா வெளங்குது அம்மிணி."

தலையாட்டினாள்.

"போன மாசம் உங்க அத்தை வந்து அழுதாளே. என்னன்னு உங்கிட்டக் கேட்டேன். ஒண்ணுமில்லைன்னுட்டே." அவர் குரல் வழக்கம்போலப் பெரிதாக இல்லை. "அதையும் எழுது."

அத்தை அழுதது அவரை வைத்துத்தான். அவரை எங்காவது ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடு, முப்பத்தாறு வயது முடியப்போகிறது, உனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டாமா என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவள் முடியாது என்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

இரண்டாம் பாதிக்கு நான்கு நிமிடம் இருந்தது.

அவள் 'அத்தை' என்று அடித்தாள்.

அப்பா அந்தச் சொல்லின் கீழே விரலை வைத்துக்கொண்டு, அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தார்.